தண்ணீரை எண்ணிய உத்தியோகத்தர்

விழா மலர் ஒன்று கைக்கு வந்ததும் நாம் தவறாது செய்யும் செயல் ஒன்றுண்டு. ஆசியுரைகளையும் வாழ்த்துரைகளையும் தாண்டிப் பழைய மாணவர் பெயர்ப்பட்டியல் உள்ள பக்கத்துக்கு விரைகின்றோம். நீதியரசர் எத்தனைபேர், மந்திரிமார் எத்தனைபேர், வைத்திய நிபுணர் எத்தனைபேர், பேராசிரியர் எத்தனைபேர் என்று விரல்விட்டு எண்ணுகின்றோம். அயற்கல்லூரியின் தொகையோடு ஒப்பிட்டு உள்ளூரச் சிறிது நிமிர்ந்தும் கொள்ளுகின்றோம். இது மனித இயல்பு, குற்றமென்று கூறுவதற்கில்லை. ஆயினும், குளக்கட்டின் உயரத்தையும் மாரிமழையின் அளவையும் காலமெல்லாம் பேரேட்டிற் குறித்துவைத்து, பின் ஓசையின்றி ஓய்வூதியம் பெற்று வீடு திரும்பிய ஓர் உத்தியோகத்தரின் பெயரை அப்பட்டியல்களில் நாம் கண்டதில்லை. அவர் கட்டிய கட்டு உடையாதிருக்கும்வரை ஊர் அவரை நினைப்பதில்லை. உடைந்த அன்று நினைப்பதும் வசைக்காகவேயாம்.

அத்தகைய உத்தியோகத்தர் ஒருவரை இம்மலரிலே நினைவுகூர விரும்புகின்றோம். நல்லூரைச் சேர்ந்த திரு. சண்முகம் ஆறுமுகம் அவர்கள் 1905ஆம் ஆண்டிற் பிறந்தவர்; பொறியியல் கற்று, இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்திற் சேவைசெய்து, அதன் பிரதிப் பணிப்பாளராக உயர்ந்தவர்; ஓய்வு பெற்ற பின்னரும் எழுதுகோலைக் கீழே வையாது, தொண்ணூறு வயதைக் கடந்து 2000ஆம் ஆண்டில் மறைந்தவர். அன்னார் நமது கல்லூரிப் பட்டியலுக்குரியவரா, அயற்கல்லூரிப் பட்டியலுக்குரியவரா என்னும் வழக்கை இங்கே தொடங்க நாம் விரும்பவில்லை. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தோர் அனைவர்க்கும் அவர் உரியவர் என்பதே போதும். அவரை நாம் நேரிற் கண்டதில்லை. எழுத்தினால் அறிந்த உறவே நமக்குண்டு. எழுத்தை நம்பிப் பிழைக்கும் தமிழாசிரியருக்கு அதுவும் சிறிய உறவன்று.

இன்று 'சுற்றாடல்' என்னும் சொல் பாலர் வகுப்புப் புத்தகத்திலேயே வந்துவிட்டது. அதற்கென அமைச்சு உண்டு, அதிகார சபை உண்டு, ஆண்டுதோறும் ஆனிமாத முற்பகுதியில் மரம் நடும் நாளும் உண்டு. திரு. ஆறுமுகம் சேவையிலிருந்த காலத்தில் இவையொன்றும் இல்லை. தேசிய சுற்றாடல் சட்டம் நிறைவேறியது 1980ஆம் ஆண்டிலேயே. அதற்கு முந்திய தலைமுறையில் நிலத்தையும் நீரையும் காத்தவர்கள் நில அளவையாளர், காட்டு உத்தியோகத்தர், நீர்ப்பாசனப் பொறியியலாளர் என்று வெவ்வேறு பெயர்களிலே தத்தம் கந்தோர்களில் இருந்தார்கள். சுற்றாடற் சேவை என்று அதனை அவர்கள் அழைக்கவில்லை. சம்பளம் வாங்கும் கடமை என்றே கருதினார்கள். பெயர் வந்தபின் கடமை குறைந்துவிட்டதோ என்று ஐயுறுவது நமது வயதின் கோளாறாகவும் இருக்கலாம்.

அவர் எண்ணிய காரியத்தின் அருமையை அறிவதற்கு, நாம் நிற்கும் மண்ணைச் சிறிது நோக்கவேண்டும். இலங்கைத் தீவிலே 103 ஆற்று வடிநிலங்கள் எண்ணப்படுகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிலே தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து புறப்பட்டு அராலியிற் கடனீரேரியோடு கலந்துவிடும் வழுக்கையாறு ஒன்றே ஆறென்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அதுவும் தை கழிந்தால் பெயரளவினதே. மழை இல்லாத நாடோ எனின், அதுவுமன்று. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர், பழைய கணக்கிற் கூறின் 50 அங்குலம், இங்கே பெய்கின்றது. இலண்டன் மாநகரிற் பெய்வது இதிற் பாதியளவே என்பதை அங்கே வாழும் நம் பழைய மாணவர் அறிவர். வேறுபாடு யாதெனின், அங்கே ஆண்டெல்லாந் தூறுவது இங்கே ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிற் பெரும்பாலும் கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. கொட்டியதில் ஒரு பங்கு வெள்ளவாய்க்காலாலும் கடனீரேரியாலும் கடலுக்குச் செல்கின்றது. எஞ்சியதில் ஒரு பகுதி நிலத்துள் இறங்குகின்றது.

நிலத்துள் இறங்கிய அந்தத் தண்ணீரே நமது உயிர். குடாநாட்டின் அடியிற் பரந்து கிடப்பது சுண்ணக்கல். அதன் வெடிப்புக்களினூடாக இறங்கும் மழைநீர் கீழேயுள்ள உவர்நீரின்மேல், எண்ணெய் தண்ணீரில் மிதப்பதுபோல, மெல்லிய வில்லையாக மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் இலேசானது என்பதே இதற்குக் காரணம். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்தின் கீழ் ஏறத்தாழ நாற்பதடிக்கு நன்னீர் நிற்கும் என்பது நீரியலார் கண்ட பொதுக்கணக்கு. இக்கணக்கின் மறுபுறம் அச்சந் தருவது. மேலே ஓரடியை நாம் இறைத்துத் தீர்த்தால், கீழே நாற்பதடி போய்விடுகின்றது; அந்த இடத்துக்கு உவர்நீர் ஏறுகின்றது. கோடையின் இறுதியிற் கிணற்று நீர் சவர்த்துப்போவது தெய்வக்குற்றமன்று, கணக்கு.

நம் பாட்டன்மார் இக்கணக்கைப் படித்தவரல்லர். எனினும் அவர்களுடைய வாழ்க்கைமுறை அதனைக் காத்தது. துலாவிலே ஒருவர் ஏறி மிதிக்க, ஒருவர் பட்டை பிடித்து இறைக்க, இன்னொருவர் மண்வெட்டியோடு நின்று தண்ணீர் மாற, விடியற்காலந் தொடங்கி வெயில் ஏறும்வரை மூவர் உழைத்தால் இறைபடும் தண்ணீருக்கு ஓரெல்லை இருந்தது. பங்குக்கிணற்றில் இறைப்புமுறை இன்னாருக்கு இன்ன நாள் என்று இருந்தது. மனிதனுடைய தோளும் காலும் களைத்தபோது கிணறு இளைப்பாறிற்று. நீரிறைக்கும் யந்திரம் வந்தபின் களைப்பு என்பது எண்ணெய்ச் செலவாக மாறிற்று. பின்னர் மின்சாரக் கட்டணமாக மாறிற்று. துலா மிதித்த காலத்துக்குத் திரும்புவோம் என்று நாம் சொல்ல வரவில்லை. துலா மிதித்தவர்களுடைய முதுகை அறிந்தவர் எவரும் அப்படிச் சொல்லார்.

இந்த நிலத்துக்கே திரு. ஆறுமுகம் ஒரு வழி கண்டார். குடாநாட்டின் நடுவே உப்பாறு, வடமராட்சி, ஆனையிறவு என மூன்று கடனீரேரிகள் கிடக்கின்றன. இவற்றுள் உவர்நீர் புகாமல் தடுத்து, மழைநீரை நிறுத்தினால், அவை நன்னீரேரிகளாகும். சூழவுள்ள உவர்நிலம் ஆண்டுக்காண்டு கழுவப்பட்டுப் பயிர்நிலமாகும். ஏரியின் நீர் நிலத்துள் ஊறிக் கிணறுகளையும் வளஞ்செய்யும் என்பது நெடுநாளைய எண்ணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்து அரசாங்க அதிபராயிருந்த துவைனம் துரையின் காலந்தொட்டே இதனைப் பற்றிப் பேச்சிருந்தது. அதனை முழுமையான திட்டமாக 1954ஆம் ஆண்டளவில் வகுத்தளித்தவர் திரு. ஆறுமுகம். வன்னியிலிருந்து வரும் கனகராயன் ஆறும் வேறு சிற்றாறுகளும் மாரியில் ஆனையிறவுக் கடனீரேரியிற் பாய்ந்து கடலுக்குப் போகின்றன. அக்கடனீரேரியின் மேற்கு வாயைப் பாலத்தடியிலும், கிழக்கு வாயைச் சுண்டிக்குளத்திலும் அடைத்து நீரை நிறுத்தவேண்டும். நின்ற நீரை முள்ளியான் வழியாக ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர் நீளமான வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் கடனீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் விடவேண்டும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவுகள் அமைத்து, மிகைவெள்ளத்தை வெளியேவிட்டு உவர்நீரை உள்ளே விடாது காக்கவேண்டும். இவ்வளவே திட்டம். வன்னியின் மழை வலிகாமத்தின் வாசல்வரை நடந்துவருவதற்கு ஒரு பாதை. 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று அது பெயர்பெற்றது. ஆறில்லாத ஊருக்கு ஆறு கொடுக்க எண்ணியவரின் பெயரிலேயே ஆறு இருந்தமை நம்மைப் போன்ற தமிழாசிரியர்க்கு உவப்பான செய்தி. அந்த ஆறு எண்ணுப்பெயர் என்று பின்வாங்கிலிருக்கும் மாணவன் திருத்துவான், திருத்தட்டும்.

பின் நடந்தது யாவரும் அறிந்ததே. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவுகள் அமைந்தன. ஆனையிறவுப் பகுதியில் வேலைகள் 1960களிலே நடைபெற்றன. சுண்டிக்குளத்துக் கட்டை வெள்ளம் உடைத்தது. முள்ளியான் வாய்க்கால் வெட்டத் தொடங்கி, முடிவெய்தாமல் நின்றது. பணம் போதவில்லை, பின் மனம் போதவில்லை, பின் முப்பதாண்டுப் போர் வந்தது. ஆனையிறவு என்னும் பெயரைக் கேட்டவுடன் தண்ணீரை நினைத்தவர்கள் போய், வேறொன்றை நினைப்பவர்களாக ஒரு தலைமுறை முழுவதும் வளர்ந்தது. அத்தலைமுறையிற் பிறந்தவர் நாமும்.

இவ்விடத்திலே திரு. ஆறுமுகத்தின் குணத்தை நாம் சிறப்பாக மதிக்கின்றோம். தாம் வகுத்த திட்டம் தம் கண்முன்னே நடுவழியில் நின்றது கண்டு, பென்சனோடு சாய்மனைக் கதிரையிற் சாய்ந்து, அரசாங்கத்தை ஏசிக் காலங் கழித்திருக்கலாம். அப்படிக் கழிப்போர் பலரை நாம் அறிவோம். அவர்களுடைய ஏச்சில் நியாயமும் உண்டு. அவரோ அறுபது வயதைக் கடந்தபின், இலங்கையின் நீர்வளங்களைப் பற்றிய பெருநூலை ஆங்கிலத்தில் எழுதிமுடித்தார். நீர்வளச் சபை அதனை 1969ஆம் ஆண்டில் வெளியிட்டது. தம் ஊரின் குறையை முறையிடும் நூலன்று அது. தீவு முழுவதிலுமுள்ள ஆறுகளையும் குளங்களையும் அணைகளையும் ஒழுங்காக எடுத்துக்கூறுவது. வடக்கின் நீருக்காக வாதாடியவர், தெற்கின் குளங்களையும் அதே கவனத்தோடு எழுதினார். பின்னாளில் இலங்கையின் பழைய சைவாலயங்களைப் பற்றியும் நூல்கள் செய்தார். இலங்கைத் தமிழரின் வாழ்க்கை வரலாற்று அகராதியொன்றையும் தொகுத்தார். குளம், கோயில், மனிதர் என்று பொருள் மாறினாலும் தொழில் ஒன்றே. உள்ளதை உள்ளபடி எண்ணி, பெயரிட்டு, குறித்துவைத்தல். நம் சமூகத்தில் இத்தொழிலுக்கு மாலை மரியாதை கிடைப்பதில்லை. புகழ்ந்து பேசுவார்க்கும் உரத்துப் பேசுவார்க்கும் மேடையுண்டு. எண்ணுவோர்க்கு மேசை மட்டுமே.

இனி நமது கருத்தைக் கூறுவோம். அவரை நினைவுகூர்வதாகச் சொல்லி நம்மவர் இருவகைக் காரியங்களில் இறங்குகின்றனர். ஒன்று, படந் திறத்தல், சிலை நாட்டுதல். இதனைப் பற்றி நாம் அதிகம் சொல்லவேண்டியதில்லை, சிலைக்குக் காகமுண்டு. மற்றது, தேர்தல் வந்தபோதெல்லாம் 'ஆறுமுகம் திட்டத்தை நிறைவேற்றுவோம்' என்று முழங்குதல். இதுதான் நம்மை வருத்துவது. 1954ஆம் ஆண்டின் ஒரு பொறியியலாளருடைய திட்டத்தை வேதவாக்காக்கி வைத்துவிட்டு, அதனை நிறைவேற்றினால் எல்லாஞ் சரியாகிவிடும் என்பது அவருடைய முறைக்கே மாறானது. அளந்து பார்த்து முடிவு செய்தவரை அளவாமலே பின்பற்றுவது பக்தியாகலாம், மதிப்பாகாது.

திட்டத்துக்கு எதிரான வாதங்கள் உண்டு. அவற்றைக் காது கொடுத்துக் கேட்கவேண்டும். கடனீரேரி வெறும் பாழ்நிலமன்று. தொண்டைமானாற்றிலும் உப்பாற்றிலும் இறாலும் மீனும் பிடித்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பங்கள் உள்ளன. உவர்நீரும் நன்னீரும் கலக்கும் வாயை நிரந்தரமாக அடைத்தால் இறால் எங்கிருந்து வரும் என்று அவர்கள் கேட்கின்றார்கள். அப்பிள்ளைகளுட் சிலர் நம் வகுப்பிலும் இருக்கின்றனர். ஆதலால் இக்கேள்வி நமக்குத் தூரத்துக் கேள்வியன்று. ஆனையிறவில் உப்பு விளைவிப்போர்க்கு நன்னீர் நட்டம். சுண்டிக்குளத்திலோ பூநாரைகள் முதலிய பறவைகள் வந்து தங்குகின்றன. அவ்விடம் 1938ஆம் ஆண்டு முதல் சரணாலயம். 2015ஆம் ஆண்டு முதல் தேசிய பூங்கா. தோட்டக்காரனுக்கு நன்மையானது கடற்றொழிலாளிக்குத் தீமையாகுமாயின், அங்கே பொறியியல் முடிந்து நீதி தொடங்குகின்றது. அந்த நீதியைத் தீர்க்காமல் வாய்க்காலை மட்டும் வெட்டி முடித்தால், இன்னொரு பகையை வெட்டி முடித்தவர்களாவோம்.

நீரைக் கொண்டுவருவதென்றால் அது யாரோ ஒருவரிடமிருந்து வருகின்றது என்பதை நாம் அண்மையிலேயே கண்டோம். இரணைமடுக் குளத்து நீரைக் குழாய்வழியே யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுவர முயன்றபோது, கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். தம் வயல் காயும்போது பிறர் வீட்டுக் குழாய் ஓடுவதை எந்த உழவனும் பொறான். அவர்களை நாம் குறைகூறோம். அதன்பின் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் எழுந்து 2024ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் தருவதற்கென அமைந்தது அது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகின்ற வீடுகளில் தாய்மார் மகிழ்கின்றனர். அதில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் கடல்நீரைப் பிழிந்தெடுப்பதற்கு மின்சாரம் வேண்டும், பழுதுபார்க்கப் பொருள் வேண்டும், ஆண்டுதோறும் பணம் வேண்டும். மாரியில் வானம் இலவசமாகக் கொட்டுவதைக் கடலுக்கு விட்டு, கோடையிற் காசுகொடுத்து அதே கடலிலிருந்து வாங்கும் வியாபாரத்தில் நம் குடாநாட்டவருடைய சிக்கனம் எங்கே போயிற்று என்று கேட்கத்தான் வேண்டும்.

அன்றியும், 1954இல் இல்லாத நோய்கள் இன்று கிணற்றில் உண்டு. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் உருளைக்கிழங்குக்கும் அள்ளியிட்ட உரமும், கிணற்றருகே வெட்டிய மலசலகூடக் குழிகளும் சேர்ந்து, சுண்ணக்கல்லின் வெடிப்பு வழியே நைத்திரேற்றைக் கீழே இறக்குகின்றன. குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக சுகாதார தாபனத்தின் அளவு. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை கடந்திருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். கைக்குழந்தைக்கு அது நஞ்சு. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததென்ற செய்தி 2014ஆம், 2015ஆம் ஆண்டுகளில் ஊரையே கலக்கியதும் மறக்கத்தக்கதன்று. முள்ளியான் வாய்க்கால் நாளைக்கே முடிந்தாலும் இவை தீரா. ஏரி நீர் சவரைக் கழுவும், அறியாமையைக் கழுவாது.

அப்படியாயின் திட்டத்தைக் கைவிடுக என்கின்றோமா? இல்லை. நம் சார்பு, ஐயத்தோடு கூடியதாயினும், அவர் பக்கமே. முழுவதையும் ஒருங்கே செய்யவேண்டியதில்லை. உப்பாற்றையும் வடமராட்சியையும் முதலில் எடுத்துக்கொண்டு, கதவு எந்த நாளில் திறப்பது, எந்த நாளில் மூடுவது என்பதைக் கடற்றொழிலாளரும் கமக்காரரும் ஒரே பாயிலிருந்து தீர்மானித்து, நான்கைந்து மாரி அளந்து பார்த்தபின் ஆனையிறவைப் பற்றிப் பேசலாம். ஊர்தோறும் தூர்ந்து கிடக்கும் குளங்களும் கேணிகளும் எவர் எதிர்ப்புமின்றித் தோண்டத்தக்கன. அவற்றில் மண் கொட்டி வீடும் கடையும் கட்டியவர்களே எதிர்ப்பர். அவர்களிற் சிலர் நம் உறவினராயும் இருப்பர். எதை எடுத்தாலும் முதல் வேண்டப்படுவது அளவு. எவ்வளவு பெய்தது, எவ்வளவு ஓடிற்று, கிணற்றில் எவ்வளவு நின்றது என்பது தெரியாமல் கதவைத் திறப்பவனும் மூடுபவனும் குருடரே.

சென்ற ஆண்டு புறநானூற்றிலே, குடபுலவியனார் நெடுஞ்செழியப் பாண்டியனுக்கு நீர்நிலை அமைக்கும்படி அறிவுறுத்திய பாட்டைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தோம். போரில் வென்ற அரசனைப் பார்த்துக் குளம் கட்டு என்று சொல்லப் புலவருக்கு எவ்வளவு துணிவிருந்தது என்று நயம் உரைத்த பின், வகுப்பைப் பார்த்து, “உங்கள் வீட்டுக் கிணறு எவ்வளவு ஆழம்?” என்று கேட்டோம். நாற்பது மாணவருள் மூவர் கை உயர்த்தினர். அம்மூவருள் ஒருவன் சொன்னது மோட்டார்க் குழாயின் நீளம். பின்னே இருந்த ஒருவன் எழுந்து, “ஐயா, உங்கள் வீட்டுக் கிணறு?” என்றான். நமக்கும் தெரியவில்லை. இருபது ஆண்டாக அப்பாட்டைப் படிப்பித்தவருடைய நிலை இது. அன்று மாலை வீட்டுக்குச் சென்று, கயிற்றிற் கல்லைக் கட்டி இறக்கி அளந்தோம். தரையிலிருந்து நீர்வரை இருபத்திரண்டடி, நீர் நாலடி. அயல்வீட்டு அம்மா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, வாளி விழுந்துவிட்டதா என்று பரிவோடு விசாரித்தார்.

அதிலிருந்தே ஒரு வேண்டுகோள் பிறந்தது. கல்லூரி வளவிலே ஒரு மழைமானியை வைத்து, கல்லூரிக் கிணற்றின் நீர்மட்டத்தை வாரந்தோறும் திங்கட்கிழமை காலையில் அளந்து, ஒரு பேரேட்டில் மாணவர் பதிவதற்கு ஒழுங்கு செய்யலாம். மாணவர் தத்தம் வீட்டுக் கிணறுகளையும் மாதம் ஒருமுறை அளந்து சேர்க்கலாம். விஞ்ஞான ஆசிரியர் இருவர் உவர்ப்பையும் பார்த்துத் தருவதாக ஏற்றுக்கொண்டனர். இது பெருஞ்செலவன்று, நாடாவும் பேரேடும் வாங்க ஆசிரியர் சிலர் சேர்ந்து பணம் போட்டுவிட்டோம். ஒரு மாணவன் ஆறாம் வகுப்பிற் சேர்ந்து உயர்தரம் முடித்துப் போகும்வரை எட்டு மாரிகள் அப்பேரேட்டில் ஏறும்.

பழைய மாணவரிடம் நாம் கேட்பது பணமன்று. இலண்டனிலும் தொரன்றோவிலும் சிட்னியிலும் வாழும் அன்பர்கள் பலருக்கு ஊரிலே வீடும் வளவும் கிணறும் உண்டு. படலை பூட்டியிருக்கின்றது. அக்கிணறுகளில் எவரும் இறைப்பதில்லை. ஆகவே நிலத்தடி நீரின் உண்மை மட்டத்தைக் காட்டுவதற்கு அவற்றிலும் சிறந்த கிணறு கிடையாது. திறப்பு யாரிடம் இருக்கின்றது என்பதையும், மாணவர் இருவர் ஓர் ஆசிரியரோடு மாதம் ஒருமுறை உள்ளே சென்று அளக்கலாம் என்பதையும் குறித்து ஒரு கடிதம் கல்லூரிக்கு எழுதினாற் போதும். கிணறு நிறைந்து நிற்பது மார்கழிக் கடைசியிலும் தைப்பொங்கலையொட்டியுமே. இம்மாரி முடியுமுன் கடிதங்கள் வந்தால், முதலாவது அளவைப் பொங்கலுக்கு மறுநாள் எடுத்துவிடலாம்.